வரிசையில் கடைசி இடம்

என் கை வெந்துகொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு விசைப்படகு ஓட்டுநர். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். படகில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் இடது கை புகைக்குழாயின் மேல் இருந்திருக்கிறது.

"அண்ணாச்சி, கைய எடுங்க. கறி வேகுத வாசம் வருது" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரலின் ஓரம் முழுக்கத் தோல் வழன்றிருந்தது. வலி இல்லை. கப்பல் செய்தியைத் தந்தியில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வலிக்காத காயத்துக்கு யாரும் அவசரப்படுவதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு காயம் இருந்தால், தயவுசெய்து அவசரப்படுங்கள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் என் முழங்கையின் உட்புறத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு) கயிறுபோல் தடித்திருந்தது. பிறகு தோல் நீர்ச் சோதனை (காது மடலைக் கீறி, கசிவதைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது). அடுத்த வாரம் முடிவைச் சொன்னார். தொழுநோய்.

"எழுதுத கை தப்பிச்சிட்டு. அத நெனச்சி சந்தோசப்படுங்க" என்றார்.

டாப்சோன் (நோய்க்கிருமியை அடக்கும் வெள்ளை மாத்திரை) எழுதிக் கொடுத்தார். வருஷக்கணக்கில் தின்ன வேண்டும். சில மாதங்களில் நோய் மற்றவருக்குத் தொற்றாத நிலை வந்துவிடும். போன உணர்ச்சி மட்டும் திரும்பாது.

என் மனைவி ஞானம் அழவில்லை. என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். "ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. நாலு பேரு பாக்கத்தான் செய்வாவ. கொஞ்ச நாளு நீங்க ரெண்டாம் பூசைக்குப் போங்க" என்றாள். அவளும் பிள்ளைகளும் முதல் பூசைக்குப் போனார்கள்.

செய்தி எனக்கு முன்னாலேயே மாதா கோயிலுக்குப் போயிருந்தது. நன்மை (பூசையில் தரும் திவ்விய அப்பம்) வாங்கும்போது பங்குச் சாமியார் அப்பத்தை நாக்கில் வைப்பார். அதே விரல்கள்தான் அடுத்தவர் நாக்குக்கும் போகும். கோயில்பிள்ளை (பூசைக்கு உதவும் கோயில் பணியாளர்) சூசை என்னைத் தூணோரமாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. நீங்க கடைசியா வந்தா நல்லாருக்கும். சாமியாரு சொல்லல, நான்தான் சொல்லுதேன்."

கடைசியாகவே போனேன். பேட்டி கொடுப்பவர்கள் காற்று வரும் பக்கமாகப் பார்த்து நின்றார்கள். அலுவலகத்தில் என் நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. அந்த மாதங்களில் நான் விரும்பியது ஒன்றே. மனைவி, பிள்ளைகளோடு கோயில் வரிசையின் நடுவில், யாரும் கவனிக்காத ஒருவனாக நிற்க வேண்டும்.

பெரிய வெள்ளி (புனித வெள்ளி) வந்தது. அன்று பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தை) எல்லோரும் வரிசையாக வந்து முத்தி (முத்தம்) செய்வார்கள். நன்மை வாங்கத் தடை உள்ளவர்களும் இதற்கு வரலாம். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் சூசை வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடைப்பார். நான் கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றார். அவர் பிலோமினா.

சங்குக் கிட்டங்கியில் (சரக்கறையில்) சங்கு கழுவும் வேலை பார்த்தவர். கப்பலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. உயிரோடுதான் இருந்தான், வேறு துறைமுகத்தில், வேறு குடும்பத்தோடு. கணவன் உயிரோடிருக்கும்வரை கோயிலில் மறுமணம் இல்லை; பிலோமினா ஒரு தோணித் தச்சரோடு வாழ்ந்தார், அதனால் நன்மையும் இல்லை. எனக்கு நோய் தெரியும் முன்பே, பிலோமினா மாதா திருவிழாவில் சப்பரத்தோடு நடக்கக் கூடாது என்று பங்குக் குழு சாமியாருக்கு மனுக் கொடுத்தது. மனுவை எழுதியது நான். ஏழு வரி. எழுதி முடித்ததும் ஒரு பிழையைத் திருத்தியது நினைவிருக்கிறது.

நான் முத்தி செய்து எழுந்தேன். சூசை துடைக்கவில்லை. சுரூபத்தையே தூக்கினார்.

"சூச அண்ணே, எங்க தூக்கிட்டுப் போறிய? நான் ஒருத்தி நிக்கது தெரியலயா?"

"இரு பிலோமி. தண்ணி விட்டுத் தொடச்சிட்டு வாரேன்."

"தொடைக்காண்டாம். அவரு மூஞ்சில எத்தன பேரு துப்புனானுவ. இது என்ன, முத்தந்தானே."

மண்டியிட்டு, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தார். என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

அதன்பின் சந்தையில் இரண்டு முறை எதிரே வந்தார். இரண்டு முறையும் நான் மீனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நோயாளி என்ற பேரோடு இன்னொரு பேரும் சேர வேண்டாம் என்று நினைத்தேன்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் சோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. சாமியார் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இனிமே குடும்பத்தோடயே வாங்க" என்றார்.

வரிசையின் நடுவில், ஞானத்துக்கும் மூத்த மகளுக்கும் இடையில் நின்றேன். முத்தி செய்தேன். துணி ஒருமுறை போய்வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர் தயங்கவில்லை. பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்தபோது வரிசை தேய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பிலோமினா. அவருக்கு முன்னால் நாலு முழ இடைவெளி விட்டிருந்தார்கள். போன வருஷம் அந்த இடத்தில் நான் நின்றேன்.

என்னைத் தாளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு அப்படி ஒரு தாள் தர எந்த ஆஸ்பத்திரியும் இல்லை.

அவர் முத்தி செய்துவிட்டுப் பக்கவாசலை நோக்கிப் போனார். நான் எழுந்தேன். ஞானம் என் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போறிய? நன்மை குடுக்கப் போறாவ. ஒரு வருசமா சேந்து வாங்கத்தானே ஏங்குனிய?"

"நீங்க வாங்குங்க" என்றேன்.

வெளியே மணலில் வெயில். பிலோமினா திரும்பிப் பார்த்து நின்றார்.

"நல்லாயிட்டியளோ, அண்ணாச்சி?"

"கிருமி இல்லன்னு சொல்லிட்டாவ."

"நடுவுல நின்னிய. பாத்தேன்."

"அந்த மனுவ எழுதினது நான்தான்."

"தெரியும். சாமியாரு வாசிச்சிக் காட்டுனாரு. பத்திரிகைக்காரருல்லா. ஒரு கெட்ட வார்த்த போடாம எப்பிடித்தான் எழுதுனியளோ" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உள்ள போங்க, அக்கா தேடுவாவ. எங்க, அதுக்கு முன்ன அந்தக் கையக் காட்டுங்க."

நீட்டினேன். நரம்பு செத்து மடங்கிப்போன இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கையில் வைத்து மூடினார். கண்ணால் பார்த்ததால்தான் அது எனக்குத் தெரியும்.

கோயிலுக்குள் நன்மைக்கு முந்திய பரலோக மந்திரம் தொடங்கியது. தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு தொடுகை முடிந்துவிட்டதை மற்றவர்களுக்குத் தோல் சொல்லிவிடும். நான் மறுபடி பார்த்தபோது கை நீட்டியபடியே இருந்தது. பிலோமினா தெருவின் அந்தப் பக்கம் போயிருந்தார்.