முட்டில் தெரிந்த வலி

திங்கள்சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதான என் மகள் ஒரு மாதமாக, "அம்மா, முட்டு வலிக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்புக்குப் போகாமலிருக்கத்தான் இந்த நாடகம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அணிவகுப்புக்குத் தைத்த பேண்டைப் போட்டுப் பார்த்தபோது அதன் இடது கால் மட்டும் தரையில் இழுபட்டது. பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஏட்டி, நேரா நில்லு. ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொன்னாருல்லா? கள்ளம் காட்டாத" என்று அதட்டிவிட்டு, அந்தக் காலை மட்டும் அரை இஞ்ச் மடித்துத் தைத்தேன்.

மறுநாள் பயிற்சியில் விழுந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவள் தொடையை மெல்ல மடக்கினார். பிள்ளை அலறினாள்.

"கோளாறு இடுப்புலயாக்கும். தொடை எலும்போட தலை கொஞ்சம் கொஞ்சமா வழுகியிருக்கு. சில பிள்ளைகளுக்கு அந்த வலி முட்டுலதான் தெரியும்" என்றவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "கால் குட்டையாகியிருக்கே, நீங்க கவனிக்கலியா?"



ஸ்க்ரூ போட்டு எலும்பை நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாள். "வலிக்கா மக்களே?" என்று நான் கேட்கும்போதெல்லாம் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு, "இல்லம்மா" என்கிறாள். வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நம்பாத எனக்கு, இந்த 'இல்லம்மா'வை நம்ப முடியவில்லை.