விரியாத பீங்கான் யாருடையது?

டாக்டர் ஞானசௌந்தரி உருவாக்கிய பீங்கானுக்குக் கீழே, நிறுவனத்துச் சுவரில் மாட்டிய பலகையில், வேறொருவர் பெயரைப் பொறித்து வைத்தார்கள். ஞானசௌந்தரி மேடம் இறந்த பிறகும் அதை மாற்றவில்லை. அவரை அறிந்தவர்களே, இதைச் சொல்லாமல் எனக்கு அஞ்சலி செலுத்தத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை நீலசந்திரா பகுதியில் ஒரு கறிக்கடையில் நின்றிருந்தபோது அவருடைய தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கண்ணா." கறி வாங்காமல் ஆஸ்டின் டவுனில் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் நான் உலை மெக்கானிக். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். எழுத்தையும் மின்சாரத்தையும் நானாகக் கற்றவன். சூடேறினால் விரிந்து வெடிக்காத பீங்கானை அவர் தேடிக்கொண்டிருந்தார். "இதுல ஒரு பக்கம் நீளும், இன்னொரு பக்கம் சுருங்கும். ரெண்டும் சரிக்கட்டிடும், தங்கராஜ்" என்பார். நெடுநேரம் சுட்டால் துகள் பெரிதாகி உள்ளேயே கீறல் விடும் என்பதால் உலையைச் சீக்கிரம் அணைக்கச் சொன்னார். நெடுநேரம் சுடவேண்டும் என்பது துறைத்தலைவரின் கட்டளை. யாரும் நேரத்தைக் கூட்டிவிடாதபடி மேடம் உலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

செக்கச் சிவந்த துண்டை இடுக்கியால் எடுத்து அவர் வாளித் தண்ணீரில் போட்ட நாளில் மாணவர்கள் உட்பட எல்லோரும் பின்வாங்கினோம். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. துண்டு முழுசாக இருந்தது.

"பாத்தீங்களா, நம்ம ஐடியா ஒர்க் ஆயிடுச்சு!" என்றார் தலைவர்.

"நேத்து வரைக்கும் என் பைத்தியக்காரத்தனம். இன்னைக்கு நம்ம ஐடியாவா சார்?" என்றார் மேடம்.

ஆய்வுக் கட்டுரையும் பலகையும் தலைவர் பெயரில் வந்தன; மேடம் பெயர் எதிலும் இல்லை. நிறுவனத்துக்குக் கேட்டு எழுதினார், மீண்டும் எழுதினார். ஓய்வுபெறும் நாள்வரை பதில் வரவில்லை.

நிறுவனம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் அவரை "ஆய்வுக்கு உதவிய அம்மையார்" என்றார்கள். "உதவினவங்க இல்ல, கண்டுபிடிச்சதே அவங்கதான்" என்று நான் எழுந்துவிட்டேன்.

"ஏன் பெருசு, சாவுக் கூட்டத்துல கலாட்டா பண்றீங்க? சும்னிரி" என்று கடைசியில் கன்னடத்தில் வாயை மூடச் சொன்னார் ஓர் அதிகாரி.

"பொய்ய நீங்க செவுத்துல மாட்டலாம், நான் வாயில சொல்லக் கூடாதாப்பா?"

வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

ஆகவே, நிறுவனம் அந்தப் பலகையைக் கழற்றி மேடம் பெயரோடு புதிதாக மாட்டவேண்டும். அன்று வாளியைச் சுற்றி நின்ற மாணவர்களே, இன்று பெரிய பதவிகளில் இருக்கிறீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்திடுங்கள். வேதியியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்தவேண்டும். அவருடைய தம்பி, "உதவியவர்" என்று எழுதிய எந்தக் கேடயத்தையும் வாங்கக் கூடாது. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது விட்டுக்கொடுக்காத குணம் ஒன்றுதான். பலகை மாறும்வரை திங்கள்தோறும் நிறுவனத்து அலுவலகத்தில் போய் உட்காரவேண்டியது நான்.