பால் உறையாத சனிக்கிழமை

“பெலிம்பிங்” காயைக் கையால் பிழிந்தால், விரலில் எங்கெங்கே கீறல் இருக்கிறது என்பதை அது ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். மரத்தின் அடித்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அந்தப் பச்சைக் காயை மலாக்காவில் மீன் குழம்புக்குப் புளிப்பாகப் போடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஏழு சனிக்கிழமைகள் தொடர்ந்து நான் அதைப் பிழிந்து துணியில் வடிகட்டியது குழம்புக்காக அல்ல, ரப்பர் பாலை உறைய வைப்பதற்காக.

டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சாந்தி டீச்சர் சனிக்கிழமை காலைகளில் எங்களை வரச் சொல்லி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள், நீங்களே செய்து பார்த்துப் பதிலைக் கண்டுபிடியுங்கள் என்றார். பள்ளிக்கு வந்த கடிதத்தில் அந்தத் திட்டத்துக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது, நாங்கள் “சனிக்கிழமை சயின்ஸ்” என்போம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் குறிப்பு எழுதவும் ஒருவர் சாமான் கொண்டுவரவும் வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத எனக்கு, கையில் ஓர் ஓட்டைச் சைக்கிளும் இருந்ததால், சாமான் வேலைதான் விழுந்தது. எழுதியவள் கஸ்தூரி.

கேள்வியும் அவளுடையதுதான். அவள் அம்மா மாரியாயி அத்தை பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பாலை உறைய வைத்து ரப்பர் தகடு போடுவார், அதற்கு ஊற்றும் ஆசிட்டால் அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அந்த ஆசிட்டுக்குப் பதிலாகச் சமையலறைப் புளிப்பு எதையாவது ஊற்றினால் ஆகாதா என்பதுதான் கஸ்தூரி கேட்டது. எலுமிச்சை, புளித்தண்ணீர், பெலிம்பிங் மூன்றையும் பார்த்தோம். ஒரு கிளாஸில் நான்கு கரண்டிப் பால், அதில் இருபது சொட்டுப் புளிப்பு. குச்சியை விட்டால் அது சாயாமல் நிற்கும் வரை எத்தனை நிமிடம் என்று அவள் வகுப்புக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாள். பெலிம்பிங்தான் ஒவ்வொரு வாரமும் முந்தியது. நான்கு நிமிடம், சில நாள் நாலேகால்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாத விதி ஒன்று இருந்தது. பால் மரத்திலிருந்து “மங்கு” என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலாக இருக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் எல்லாருடைய பாலையும் ஊற்றும் பெரிய பீப்பாயில், லாரி வரும்வரை உறையாமல் இருக்க அமோனியா கலந்து வைப்பார்கள். அந்தப் பாலில் இருபது சொட்டுப் புளிப்பு ஒன்றும் செய்யாது. அதனால்தான் மாரியாயி அத்தை பால் எடுக்கும் நேரத்துக்கு நான் அவருடைய “நெரை”க்கு, அதாவது அவர் வெட்டும் மர வரிசைக்கு, நேரே போய் ஒரு பாட்டிலில் வாங்கி வருவேன். கஸ்தூரி முதல் நாளே சொல்லியிருந்தாள், “ஸ்டோர் பால் வேணாம்டா. மறந்துறாத.” நான் மறக்கவில்லை.

எட்டாவது சனிக்கிழமை வெளியிலிருந்து ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. சிறந்த ஜோடி என்று அவர் சொல்லும் இருவர், பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பல்கலைக்கழகத்தில் தங்கி அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். கஸ்தூரி டீச்சரிடம் இரண்டு முறை கேட்டாள், அங்கே மைக்ராஸ்கோப்பில் நாமே பார்க்கலாமா, இல்லை அவர்கள் பார்த்துச் சொல்வதை மட்டும் கேட்க வேண்டுமா என்று.

அன்று காலை, பக்கத்திலிருந்த அணையில் தண்ணீர் நிரம்பி வழிகிறதென்று யாரோ சொன்னார்கள். நேரம் இருக்கிறது, ஒரு மிதி மிதித்தால் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். “இவன் காலுல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்” என்று என் அம்மா சொல்வதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. வெள்ளையாக நுரைத்து விழும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பி வந்தபோது மாரியாயி அத்தை தன் நெரையில் பால் எடுத்து முடித்து மங்குகளைக் கவிழ்த்துவிட்டிருந்தார். ஸ்டோருக்கு ஓடினேன். அவருடைய பாலும் பீப்பாய்க்குள் போய்விட்டிருந்தது. சுற்றிலும் ஆளில்லை. குழாயைத் திருகிப் பாட்டிலை நிரப்பினேன். மூக்கில் சுள்ளென்று ஏறியது. வாடை போகட்டும் என்று வழி முழுக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். பாலும் பாலும் ஒன்றுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

வந்திருந்தவர் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். முதலில் கஸ்தூரியின் நோட்டைப் புரட்டினார். அவள் இருபது சொட்டு எண்ணி விட்டு, குச்சியை நிறுத்தினாள். நான்கு நிமிடத்தில் குச்சி சாய்ந்தது. பத்து நிமிடத்திலும் சாய்ந்தது. பக்கத்து மேசைச் சுந்தரம், “காப்பி கலக்கிக் குடிக்கலாம் லா” என்றான், எல்லாரும் சிரித்தார்கள். இருபது நிமிடம் ஆன பிறகு அவர் நோட்டை மறுபடி கையில் எடுத்தார்.

“ஏழு வாரமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு வருது. இது வீட்டுல உக்காந்து எழுதுனதாம்மா?”

“இல்லைங்க சார். பாத்து எழுதுனது.”

“இன்னிக்கு ஏன் வரல?”

அவள் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். “நீயும் கூட இருந்த இல்ல? நீ சொல்லுடா.”

நான் சொன்னது இன்றுவரை ஓர் எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. “நான் சாமான் கொண்டாறதுதான் டீச்சர். எழுதுறதெல்லாம் அவதான்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யே சொல்லாமல் ஒருத்தியைப் பொய்க்காரியாக்கிவிட முடியும் என்பதை நான் அந்தச் சனிக்கிழமை சயின்ஸில் கற்றுக்கொண்டேன். டீச்சர் திட்டவில்லை. நோட்டை மூடி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, “தெரியலன்னா தெரியலன்னு எழுதணும் கஸ்தூரி. இட்டுக்கட்டக் கூடாது” என்று மட்டும் சொன்னார். ஆய்வுக்கூடத்துக்கு வேறு இருவர் போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து கஸ்தூரி சனிக்கிழமைகளில் வரவில்லை. மாரியாயி அத்தை கடைசிவரை ஆசிட்டைத்தான் ஊற்றினார்.

நானும் அதிக நாள் படிக்கவில்லை. அப்பா முதுகு ஒடிந்து படுத்ததும், இடைநிலைப்பள்ளி இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். சுங்கை ஊடாங்கில் எண்ணெய்த் தொட்டி கழுவினேன், செர்காமில் மீன் பெட்டி தூக்கினேன், பிறகு லாரியில் கிளீனராக ஜொகூர்வரை போய் வந்தேன். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அமோனியா வாடை எங்கே அடித்தாலும், மீன் ஐஸ் கிடங்கில் அது அடிக்கடி அடிக்கும், இடத்தைவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நிற்பேன். மற்றவர்கள் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தார்கள்.

போன வருடம் என் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், மலாக்கா டவுனில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு வாரம் மூன்று தடவை கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அங்கே நர்சாக இருந்தது கஸ்தூரி. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அதைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது, அவளுடைய உழைப்பில் என் பங்கு ஏதுமில்லை. ஒரு மாதம் வாய் வரவில்லை. ஒரு நாள் அம்மா தூங்கியதும், அந்தப் பால் ஸ்டோர் பால் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையில் இருந்த அட்டையில் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “பாட்டிலத் தொறந்த உடனே தெரிஞ்சிருச்சுடா. எங்கம்மா மேல எத்தன வருஷம் அந்த வாடை.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்த?”

“நான் சொன்னா சாக்குன்னு நெனைப்பாங்க. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.”

மன்னித்துவிடு என்றேன். அவள் கோபப்படவில்லை. “எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போகுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லு. அவங்கதான் என்னை இட்டுக்கட்டுறவள்னு நெனைச்சிட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அந்த வாரமே போனேன். ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டு, தோட்டத்தின் முகப்பில் இரட்டை மாடி வீடுகளும் கட்டிவிட்டார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. பள்ளியை டவுனுக்குப் பக்கமாகப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அலுவலகத்தில் இருந்த பெண் பழைய நோட்டுகள் எதுவும் வரவில்லை என்றார். சாந்தி டீச்சரைப் பற்றிக் கேட்டதும், “உங்களுக்குத் தெரியாதாண்ணே?” என்றார். டீச்சர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணாடி போட்ட அந்த மனிதரின் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

சொல்ல வேண்டிய ஆள் யாரும் மிச்சமில்லை. அதனால் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் உங்களிடம் சொல்கிறேன். பெலிம்பிங் சாறு இருபது சொட்டு விட்டால், மங்குப் பால் நான்கு நிமிடத்தில் உறையும். ஏழு சனிக்கிழமையும் உறைந்தது. அவள் எழுதியது அத்தனையும் சரி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், டீச்சர்.