நடுவழியில் நின்ற அட்டைக் கருடன்

ஐந்து வயதின் நினைவு சாட்சி சொல்லத் தகுந்ததன்று. அந்த வயதில் கண்டதாக நான் நம்புகிறவற்றுள் பாதி பிறர் சொல்லக் கேட்டவை. மீதியிலும் பாதியைப் பின்னாளில் நானே அழகுபடுத்தியிருப்பேன். ஆகையால் என் அம்மா, அவள் தம்பியான என் மாமா, எங்கள் பால்வாடி டீச்சர் ஆகிய மூவரையும் தனித்தனியே கேட்டு, இருவராவது ஒத்துக்கொண்டவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அன்று நான் என்ன நிறச் சட்டை அணிந்திருந்தேன் என்று வாசகர் கேட்க வேண்டாம். மூவரும் மூன்று நிறம் சொல்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பால்வாடியில் சிலேட்டைவிடப் புளியங்கொட்டைக்கும் களிமண்ணுக்குமே வேலை மிகுதி. அம்மா பட்டுப்புடவைக் கடையொன்றில் புடவை விரித்துக் காட்டி மடித்து வைக்கும் வேலையில் இருந்தாள். உடன் வேலை பார்த்தவளின் மகள் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து பாட்டுகளை மளமளவென்று ஒப்பிக்க, நானோ நகக்கண்ணில் மண்ணோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். "நாள் முச்சூடும் வெளயாடிக்கினே இருந்தா எப்பதான் படிக்கிறது?" என்று அம்மா டீச்சரிடமே கேட்டுவிட்டாள். "வெளயாடத்தான்மா வருதுங்க" என்றார் டீச்சர். அந்த விடை அம்மாவின் முடிவை உறுதிப்படுத்தியது. ஆங்கிலப் பள்ளியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியிருந்தது. குழந்தையை நேரில் பார்த்தே சேர்ப்பார்கள். குறித்த நாளில் பதினொரு மணிக்குள் போகாவிட்டால் இடம் வேறொரு குழந்தைக்குப் போய்விடும்.

அதே நாளில் எங்களுக்கும் ஒரு பெரிய காரியம் இருந்தது. வைகாசிக் கருடசேவையைப் பார்த்த சூட்டோடு பால்வாடியில் கருடன் செய்யத் தொடங்கியிருந்தோம். புடவைப் பெட்டிகளின் அட்டையால் உடல். மஞ்சள் கரைத்த நீரைப் பூசிய இறக்கை. கீழே இரண்டு மூங்கில் கழிகள். மேலே எழுந்தருளியது ஸ்டெல்லாவின் பிளாஸ்டிக் பொம்மை. ஞாயிறுதோறும் மாதா கோவிலுக்குப் போகும் ஸ்டெல்லாதான் எங்கள் புறப்பாட்டின் விதிகளை வகுத்தவள். அவற்றுள் தலையாயது, புறப்பட்ட சாமியை மண்டபம் சேரும்வரை தரையில் இறக்கக்கூடாது என்பது. மண்டபம் என்பது முற்றத்தின் மறுகோடியில் கிடந்த மர பெஞ்சு.

முன்னால் ஸ்டெல்லாவும் மோகனும், பின்னால் இம்ரானும் நானும் தோள்கொடுத்தோம். மெய்யான புறப்பாட்டில் உயரம் ஒத்தவர்களையே தோளுக்கு நிறுத்துவார்கள் என்பதை நாங்கள் கவனித்திருக்கவில்லை. எங்கள் கண்கள் எப்போதும் குடையிலும் மாலையிலும் இருந்தன. நால்வரில் நான் குள்ளம். பாதி முற்றம் கடந்ததும் கருடன் என் பக்கம் சாய்ந்தது. பொம்மை வழுக்கி வந்து இறக்கையில் தொற்றிக்கொண்டது. இன்னும் ஓரடி வைத்தால் விழும். அப்படியே நின்றுவிட்டோம்.

அந்நிலையில்தான் அம்மா வந்தாள். வாசலில் மாமாவின் ஆட்டோ நின்றது.

"வாடி, நேரமாச்சு. மாமா காத்துக்கினு இருக்குது பாரு."

"நான் வந்தா சாமி வுழுந்துடும்மா."

"எறக்கி வெச்சிட்டு வா."

"எறக்கக்கூடாது ஆன்ட்டி!" என்று ஸ்டெல்லா திரும்பிப் பாராமலே அதட்டினாள். "நடு ரோட்ல சாமிய எறக்குவாங்களா? ஒங்க ஊர்ல எறக்குவாங்களா?"

அம்மாவின் ஊர் திருப்புட்குழி. பெருமாள் புறப்பாடு பார்த்து வளர்ந்தவள். வெறும் அட்டைதானே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வந்து என் பக்கத்துக் கழியைக் கையால் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா டீச்சர், பாத்துக்கினே ஒக்காந்திருக்கீங்க?"

"அதுங்களே பாத்துக்கும்மா. நீங்க கொஞ்சம் தாங்கிக்குங்க, போதும்."

அம்மா கழியைச் சமமாக உயர்த்தியதும் அதற்கும் என் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. இம்ரான் கையை நீட்டி அதில் விரல்களை நுழைத்துப் பார்த்து, "மூணு விரல்" என்றான். நான் டீச்சரின் துண்டை வாங்கி, மூன்று விரல் கனத்துக்கு மடித்துத் தோளில் வைத்துக்கொண்டேன். அம்மா கையை எடுத்தாள், கருடன் மறுபடியும் சாய்ந்தது, பதறிப் பிடித்தாள்.

"மூணுன்னுதானே சொன்ன?" என்று இம்ரானிடம் பாய்ந்தேன்.

"மூணுதான்!"

"நானும் மூணுதான் மடிச்சேன்!"

"ஆன்ட்டி, இவ பொய் சொல்றா!"

வாசலில் ஹாரன் ஒலித்தது. எங்கள் சண்டை ஓயவில்லை. பிறகு ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். விரலோடு விரலை ஒட்டிவைத்தோம். இம்ரானின் விரல்கள் தடித்தவை, என்னுடையவை குச்சி. முதலில் கையைப் பார்த்தது நான் என்று அவன் இன்றும் சொல்கிறான். அவன்தான் என்பது என் நினைவு. சான்றுகள் முரண்படுவதால் அந்தப் பெருமையை ஒருவர் பெயரிலும் எழுதவில்லை.

கை குட்டையான பூக்காரி முழம் போடுவதைப் பொறுக்காமல் கோவில் வாசலில் நாள்தோறும் சண்டையிடுபவள் என் அம்மா. எங்கள் பிழை எதுவென்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் வாய் திறவாமல் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்கிறார் டீச்சர், அம்மாவும் மறுக்கவில்லை.

ஹாரன் மீண்டும் ஒலித்தது. அம்மா ஒரு கையால் கழியைத் தாங்கியபடி மற்றொரு கையை வாசல் பக்கமாக உயர்த்தி அசைத்தாள். ஆட்டோ போய்விட்டது.

துண்டை இம்ரானின் விரல் கனத்துக்குத் திரும்ப மடித்தோம். அம்மா மெல்லக் கையை எடுத்தாள். கருடன் நிமிர்ந்து நின்றது. "கோவிந்தா!" என்று முதலில் கூவியவள் ஸ்டெல்லா. பெஞ்சு வரைக்கும் அம்மா வெறுங்காலோடு பின்னால் நடந்து வந்தாள். டீச்சர் கொடுத்த சத்துமாவு உருண்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டாள்.

அந்த ஆண்டு முழுவதும் நான் பால்வாடியிலேயே இருந்தேன். விளையாடிக்கொண்டே இருந்தேன் என்பதுதான் துல்லியம். இன்று கட்டடங்களுக்கு அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கும் அந்தத் துண்டுக்கும் தொடர்புண்டு என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. நன்றி செலுத்துவதற்குச் சான்று தேவையுமில்லை. டீச்சருக்கும் இம்ரானுக்கும் அதை நேரில் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்வதில்தான் சிக்கல்.

சாமிக்குப் பயந்தே அவள் அன்று நின்றாள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பெஞ்சில் இறக்கி வைத்த பிறகும் பதினொரு மணிக்கு நேரம் இருந்தது என்பதும், தெருமுனையில் வேறு ஆட்டோக்கள் எப்போதும் நிற்கும் என்பதும் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா போன்னு காட்டுச்சு, போயிட்டேன்" என்கிறார் மாமா.

"இருன்னுதான் காட்டுனேன். அவன் போயிட்டா நான் இன்னா பண்றது?" என்கிறாள் அம்மா, புடவை மடிப்பதிலேயே கண்ணாக.

கை உயர்ந்தது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது போ என்றதா, இரு என்றதா என்பது மட்டும் தெரியவில்லை.