பழுப்பு நீர் படியும் இடம்

அந்தக் கண்ணாடிக் குவளையில் இருந்தது டீத்தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். மழைக்கு ஆற்றில் வந்த புதுவெள்ளம் அது. மக்கிய இலைதழைகள் கரைந்து பழுப்பேறியிருந்தது. கும்மிடிப்பூண்டி ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே ஆய்வு நடத்தும் மேடம் அதில் கடல்நீரை ஊற்றினார். சற்று நேரத்தில் பழுப்பு திரிதிரியாகப் பிரிந்து அடியில் இறங்கியது. "ஈயம், செம்பு எல்லாம் இந்த இலைக்கரைசலைப் பிடிச்சிக்கிட்டு ஆத்தோட வரும். உப்புத் தண்ணியைத் தொட்டதும் பாதிக்கு மேல கீழே உட்கார்ந்துடும்," என்றார். அழகாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது போய் உட்காரும் இடம் எதுவென்று உறைத்தபோது சட்டென்று நிமிர்ந்தேன். முகத்துவாரத்துச் சேறு. என் அண்ணி கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கும் சேறு. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். முகத்துவாரக் கரையில் நின்று, அண்ணியை மேலே வரச் சொல்லிக் கத்தினேன்.

"இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? பாம்பு கீதா?" என்றாள்.

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. சேறு வழியும் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, தன் வயிற்றைத் தொடவும் பயந்து, அப்படியே நின்றாள்.

பிரசவமான அன்று குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்துவிட்டாள். அது வீறிட்டு அழுதது. "எம் பாலுல அந்த ஈயம் கீதா? நீதான படிச்சவ, சொல்லு." ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். "நான் சோதிச்சுப் பார்த்தது சேத்தைத்தாம்மா, பாலை இல்ல. டாக்டரைக் கேளு," என்றார், அவர் குரலும் தழைந்துதான் இருந்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாய்ப்பாலை நிறுத்தாதே, கொடு," என்றார். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, விஷம் புகட்டுபவளைப் போலக் கொடுத்தாள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் ஒரு வார்த்தைக்கு அவன் திக்கினாலோ, தலை வலிக்கிறது என்றாலோ, அண்ணி என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தச் சேற்றை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. போன மழையில் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்தாள்.

"இத்தப் போட்டுக்கினா எறா கையில பட்றதே தெரிலடி."

எறா போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "உடம்பு எப்படி இருக்கு அண்ணி?" என்று பின்னாலிருந்து கேட்டேன். பல்லில் பறி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.