இறங்கும்போது வரும் தைவதம்

கல்யாணமாகிப் போடிக்கு வந்தபோது அப்பாவின் வயலினையும் கொண்டுவந்தேன். அவர் தேவாலயத்தில் பாட்டுக்கு வாசித்தவர். என் கணவர் ஏலக்காய் மண்டிக்குப் போனதும், வீட்டு வேலையை முடித்துவிட்டு மத்தியானங்களில் எடுத்து வாசிப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"முகாரிதானேக்கா வாசிக்கிறீக?"

"ஆமா. தெரியுதா?"

"தெரியுது. ஆனா இன்னும் வரல."

எனக்குக் கோபம் வந்தது. சுரங்களை நோட்டில் எழுதி வைத்துச் சுத்தமாகத்தான் வாசித்தேன். அவள் ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பஜனை மடத்தில் கேட்டுக் கேட்டே பாடப் பழகியவள்.

உட்கார்ந்து பாடிக் காட்டினாள். முகாரி ராகத்தில் மேலே ஏறும்போது ஒரு தைவதம், அதாவது 'த' சுரம். இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு தைவதம். இரண்டு இடத்திலும் என் விரல் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் அவள் பாடினால், இறங்கும் அந்தச் சுரம் மேலே 'நி' என்கிற நிஷாதத்தில் கொஞ்சம் தயங்கி, மனசில்லாமல் கீழே வந்தது. நான் வாசித்தால் படியில் கால் வைப்பதுபோல டக்கென்று வந்து நின்றது.

அழுகை ராகம் என்றுதானே சொல்கிறார்கள் என்று வில்லை இழுத்து இழுத்தும் வாசித்துப் பார்த்தேன்.

"அழ வேண்டாக்கா. அது பாட்டுக்கு இறங்கட்டும்," என்றாள்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. அவள் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தவழ்ந்தாள், நடந்தாள், வில்லைப் பிடித்து இழுத்தாள். ஐப்பசி அடைமழையில் குழந்தைக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பெட்டியிலிருந்து வயலினை எடுத்துச் சும்மா விரல் ஓட்டிப் பார்த்தேன். அந்த இடம் வந்துவிட்டது. நிஷாதத்தில் தயங்கித் தானாக இறங்கியது. நம்ப முடியாமல் மறுபடி வாசித்தேன். மறுபடியும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வாசித்ததாகப் பின்னால் என் கணவரிடம் சொன்னேன். அது உண்மையல்ல. எனக்கு வந்துவிட்டதை அவள் கேட்க வேண்டும் என்றுதான் வாசித்தேன்.

அவள் எழுந்து வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துருச்சுக்கா," என்றாள். "சரியா வந்துருச்சு."

வில் கையிலேயே இருந்தது.

"நான் இங்க இருக்க வரைக்கும் இனிமே இத வாசிக்காதீக," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் வாசிக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. தை பிறந்ததும் அவள் புருஷனுக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்து, இருவரும் மலைக்குப் போய்விட்டார்கள்.

மறுவருஷம் என் கணவர் ஏலக்காய் பார்க்கப் போன ஜீப்பில் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். மழை, அட்டைக்கடி, வேலைக்கு வருகிறவர்கள் பேசும் மலையாளம் என்று எதை எதையோ பேசினாள். பாட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. கிளம்பும்போது அவளாகவே கேட்டாள்.

"வயலின் வாசிக்கிறீகளாக்கா?"

"அதெல்லாம் விட்டுட்டேன் ஆத்தா."

அவள் என் இடது கையை எடுத்து விரல் நுனிகளைத் தடவினாள். முந்தின நாள் வரை தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன. சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, "ஜீப்பு கெளம்பப் போகுது, வெரசாப் போங்கக்கா," என்றாள்.

அதற்கப்புறம் நான் மலைக்குப் போகவில்லை.