கோயிலுக்குள் ஒரு விளக்கு

புந்தோங்கில் ஒரு கணினி விளையாட்டுக் கடையில்தான் அந்தக் காவலாளி அக்காவைப் பார்த்தேன். நீலச் சீருடை, காதில் பெரிய தோடு. முறுக்கைக் கடித்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று வாயில் ஊறவைத்தே தின்பார்.

எனக்கு அன்று உயிர் போகிற அவசரம். விளையாட்டில் வரும் பழைய நகரத்தில் ஒளித்துவைத்த விளக்குகளில் கடைசி ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. தஞ்சோங் மாலிமில் படிக்கும் மகள் மாலையில் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் எடுக்காவிட்டால் அவள் விடுமுறை முழுக்கப் பாத்திரம் கழுவுவது நான்தான் என்று பந்தயம். என் வீரன் மறுபடியும் சாக்கடையில் விழுந்தான்.

"அண்ணே, கோயிலுக்குள்ள பாத்தீங்களா?" பக்கத்து நாற்காலியில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த அக்கா கேட்டார்.

"எப்படிக்கா போறது? பூட்ஸ் போட்டிருக்கான்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு பொம்மையின் காலணிக்காக, இந்த வயதில், வாரம் முழுக்கக் கோயில் வாசலோடு திரும்பியிருக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. யோசித்தார்.

"உடுப்ப மாத்துங்க லா. கடல்ல குளிக்கிற உடுப்பு ஒண்ணு இருக்கு. அதுல வெறுங்காலு."

மாற்றினேன். சட்டையும் இல்லாமல் பக்திமானாக உள்ளே போன வீரன் விளக்கை எடுத்தான். உயிரோடு வெளியே வந்தால்தான் அது கணக்கில் சேரும். வாசலிலோ வில்லோடு எதிரிகள். அலறிக்கொண்டே கதவைப் பார்த்து ஓடினேன்.

"வந்தது வந்தீங்க, ஒரு சுத்து சுத்திட்டுப் போங்கண்ணே."

கேலியா, பக்தியா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இன்றுவரை பிடிபடவில்லை. எதற்கு வம்பென்று, முதுகில் அம்பு தைக்கத் தைக்க முழுச் சுற்றும் சுற்றிவிட்டுத்தான் விளக்கோடு வெளியே வந்தேன்.